தலைகீழாக நின்ற சங்கு

என் அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

என்னை அடைத்து வைக்க யாரும் அதைப் போடவில்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் அது சாமான் அறை. பிளாஸ்டர் மூட்டைகளும் உடைந்த அச்சுகளும் கிடந்த இடம். மூட்டைகளுக்கு எதற்கு உள்தாழ்ப்பாள்? கம்ப்யூட்டர் வாங்கியபோது சாமான்களை எடுத்துவிட்டு ஒரு மேசையைப் போட்டார்கள், கதவை மாற்றவில்லை. மழையிலும் வெயிலிலும் ஊதிப்போன மரக்கதவு அது. சும்மா சாத்தினால் நிற்காது, மெதுவாகத் திறந்துகொள்ளும். திறந்தால் பொம்மைகளை உலர்த்தும் கூடத்திலிருந்து வெள்ளை மாவு உள்ளே வந்து கீபோர்டில் படியும். அதனால் அந்தப் பக்கம் போகிற யாரும் கதவு திறந்திருப்பதைப் பார்த்தால் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவார்கள். நல்லெண்ணத்தில்தான். நான் வெளியே வரவேண்டுமென்றால் உள்ளேயிருந்து தட்ட வேண்டும்.

பெரும்பாலும் அச்சு போடும் பாய்தான் வந்து திறப்பார். பத்து வருடம் சவுதியில் டைல்ஸ் ஒட்டிவிட்டு ஊருக்கு வந்தவர். கை எப்போதும் முழங்கை வரை வெள்ளையாக இருக்கும்.

"இன்னா தம்பி, கைதிக்கு ஒண்ணுக்கா, டீயா?"

"ரெண்டும் பாய்."

"ஒண்ணுக்குப் போயிட்டு வா. டீக்கு மனு போடு, பாக்கலாம்."

விருத்தாசலத்தில் எங்கள் யூனிட்டைப் போல நிறைய இருக்கின்றன. பொம்மை, விளக்கு, பியூஸ் கட்டை என்று பீங்கானில் எது கேட்டாலும் செய்து கொடுக்கிற சின்னச் சின்ன இடங்கள். எங்கள் முதலாளி மட்டும் ஒரு படி மேலே போய், கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைந்து கோயமுத்தூருக்கு அனுப்பி, அங்கே மெஷினில் கடைந்த மாதிரியை வாங்கி அச்சு போட ஆரம்பித்தார். அந்த வேலைக்குக் கடைசியாக எடுக்கப்பட்டவன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், டிப்ளமோ முடித்தவன். அப்பா கரும்பு வெட்டி, லாரியில் ஏற்றிப் பெண்ணாடம் ஆலைக்கு அனுப்புகிற கூட்டத்தில் ஒருவர். அம்மா இதே யூனிட்டில் பினிஷிங் பகுதியில் இருந்தார். அச்சிலிருந்து வருகிற, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரத்தில் இரண்டு அச்சும் சேர்ந்த கோடு ஒன்று இருக்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைப்பதும், காலியான அச்சுகளைத் துடைத்து வைப்பதும் அவர் வேலை. அம்மா வெளியே, நான் தாழ்ப்பாளுக்கு உள்ளே.

நான் சொல்லப்போகிற அந்த வாரத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். முதலாளியின் பீரோவில் இருந்த என்னுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்கள்.

சென்னையில் ஒரு கம்பெனியில் வரைபட வேலைக்கு ஆன்லைனில் பரீட்சை எழுதித் தேறியிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரவேண்டும், ஒரிஜினல் எல்லாவற்றையும் காட்டவேண்டும், ஜெராக்ஸ் செல்லாது என்று மெயில் வந்திருந்தது. அந்த மெயிலை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கும்.

சர்டிபிகேட்கள் பீரோவுக்குப் போன கதையைச் சொல்லவேண்டும். சேர்ந்த அன்று அப்பாவும் என்னோடு வந்தார். முதலாளி, "ஒரிஜினலு ரெண்டு வருசம் இங்க இருக்கட்டும்" என்றார். அது எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கு வேறு மாதிரி புரிந்தது. எங்கள் வீட்டில் பீரோ கிடையாது, ஓடு ஒழுகும். முக்கியமான காகிதம் எதுவும் எங்கள் வீட்டில் தங்கியதே இல்லை. வீட்டு மனைப் பட்டா மளிகைக்கடைக்காரர் பீரோவில் இருந்தது. என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஒரு ஐப்பசி, கார்த்திகை முழுக்க வாத்தியார் வீட்டில் இருந்தது. பெரிய இடத்துப் பீரோவில் காகிதம் இருந்தால் அது பத்திரம், வைத்துக்கொள்ளச் சம்மதிப்பவர் நல்ல மனுஷன். அப்பாவுக்குத் தெரிந்த கணக்கு அது. தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் கவரை இரண்டு கையாலும் நீட்டினார்.

"மழ படாத எடமா வச்சுக்குங்க மொதலாளி."

முதலாளி கவரையும் அப்பாவையும் பார்த்தார். பிறகு, "அது எம் பொறுப்பு" என்றார்.

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் அப்பா யூனிட்டுக்கு வருவார். கேட் பக்கத்தில் நிற்பார். முதலாளி பீரோவைத் திறந்து கவரைக் காட்டுவார். அப்பாவுக்குப் படிக்க வராது. ஆனால் என் போட்டோவும் அந்தச் சிவப்பு முத்திரையும் எங்கே இருக்கும் என்று தெரியும். அது நனையவில்லை என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். அறைக்குள் இருக்கிற எனக்குப் பாய் சொல்லித்தான் தெரியும்.

"ஒன் பேப்பருக்கு விசிட்டர் வந்துட்டுப் போனாரு. ஒன்னியப் பாக்கல."

திங்கட்கிழமை காலை முதலாளியிடம் போய்க் கேட்டேன். "சார், ஒரு வெரிபிகேசனு இருக்குது. ஒரிஜினலு ஒரு நாளைக்கு வேணும்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "ஒனக்கு முன்னாடி மூணு பேரு இருந்தானுங்க. மூணு பேரும் ஒரு நாளைக்குத்தான் கேட்டானுங்க." மேசையிலிருந்த ஒரு சங்கை என் பக்கம் நகர்த்தினார். "கும்பகோணத்துப் பார்ட்டி குடுத்துட்டுப் போனது. இது சாதா சங்கு, எடம்புரி. அவுருக்கு இதே அளவுல வலம்புரிச் சங்கு வேணும், பீங்கான்ல. கீழ பீடம் வச்சு, வெளக்கு. கிரகப்பிரவேசத்துக்கு வர்றவங்களுக்குக் குடுக்க. இத ஸ்கேன் பண்ண பைலு ஒனக்கு வந்துடும். வாயி வலப்பக்கம் வரணும், அவ்ளோதான். வியாழக்கெழமக்குள்ள பைலு கோயமுத்தூரு போயிடுச்சுன்னா, பீரோ சாவி ஒங் கையில."

நான்கு நாள். ஒரு சங்கைத் திருப்ப வேண்டும். சிரித்துக்கொண்டேதான் அறைக்குப் போனேன். பின்னால் யாரோ தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

பைலைத் திறந்தால் திரை வெறுமையாக இருந்தது. ஸ்கேன் செய்தவர்கள் சங்கை எங்கோ தொலைவில் வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் வெளி என்பதற்கு எல்லை இல்லை. சுழியம் என்கிற தொடக்கப் புள்ளி ஒரு இடத்தில் இருக்கும், பொருள் அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் வேண்டுமானாலும் கிடக்கலாம். தேடிப் பிடித்தேன். சாய்ந்து, வாய் கீழே பார்த்துக் கிடந்தது. முப்பரிமாணத்தில் சுழற்றும் கட்டளையைக் கொடுத்தேன். எதைச் சுழற்ற வேண்டும் என்று கேட்டது, காட்டினேன். எந்தப் புள்ளியை மையமாக வைத்து என்று கேட்டது. வழக்கம்போல் சுழியம், சுழியம், சுழியம் என்று அடித்தேன். தொண்ணூறு டிகிரி என்றேன். சங்கு காணாமல் போய்விட்டது.

அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. அது திரும்பியிருக்கிறது. ஆனால் தன்னைத்தானே சுற்றவில்லை, கயிற்றில் கட்டிய கல்லைப் போலத் தொலைவில் இருக்கிற சுழியத்தைச் சுற்றி வேறு மூலைக்குப் போய்விட்டது. மையப் புள்ளியைச் சங்கின் மேலேயே வைக்க வேண்டும். வைத்தேன். இப்போது ஓடவில்லை. ஆனால் நிமிரச் சொன்னால் குடிகாரனைப் போலக் கோணலாகச் சாய்ந்தது.

அந்தக் கட்டளையைக் கொடுத்தால் பொருளைச் சுற்றி மூன்று வளையங்கள் வரும். சிவப்பு, பச்சை, நீலம். எந்த வளையத்தைத் தொடுகிறோமோ அந்த வழியாகச் சுற்றும். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்க்கும்போது இரண்டு வளையங்கள் விளிம்பு மட்டும் தெரிந்து வெறும் கோடாகிவிடும். எது எதுவென்று தெரியாமல் தொட்டுக்கொண்டிருந்தேன். பார்வையைச் சாய்த்து வைத்துத் தொட்ட பிறகும் கோணல் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம்வரை அந்தக் கோணலோடு மல்லுக்கட்டினேன். கடைசியில்தான் தெரிந்தது: நீளம், அகலம், உயரம் என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கிற மூன்று திசைகளையும் எனக்கு முன்னால் இருந்தவர் ஏதோ ஒரு வேலைக்காகச் சாய்த்து வைத்துவிட்டு, திரும்ப நேராக்காமல் போயிருந்தார். நான் புது வேலைக்கெல்லாம் அவர் வைத்துவிட்டுப் போன டெம்ப்ளேட் பைலைத்தான் திறந்துகொண்டிருந்தேன். நானே வரைகிற பொருளில் அந்தச் சாய்வு தெரிந்ததில்லை, வெளியிலிருந்து வந்த சங்கில்தான் தெரிந்தது. அவருக்குச் சாய்ந்திருந்த உலகத்தில் நான் நேராக நிற்கப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதரும் இதே அறையில் உட்கார்ந்து தட்டியிருப்பார் என்று நினைத்தபோது அவர் மேல் கோபம் வரவில்லை.

திசைகளை நேராக்கினேன். பிறகு கூட்டல் எந்தப் பக்கம், கழித்தல் எந்தப் பக்கம் என்ற குழப்பம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வலது கைக் கட்டைவிரலைத் திசைக்கு நேராக நீட்டினால், மற்ற விரல்கள் மடங்குகிற பக்கம்தான் கூட்டல். கட்டைவிரலை மேலே, பக்கவாட்டில், என்னை நோக்கி என்று நீட்டி நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். கதவின் மேல் சின்னக் கண்ணாடி உண்டு. அதில் பாயின் முகம்.

"லாரிய நிறுத்துறியா தம்பி? இந்த ரோட்டுல லாரி வராதே!"

செவ்வாய் மாலை சங்கு சொன்னபடி கேட்டது. கூம்பி நீண்ட வால் மேலே, வாய் என்னைப் பார்த்து. வாய் இடப்பக்கம் இருந்தது. இடம்புரி ஆயிற்றே, அப்படித்தான் இருக்கும். நேர்முன்னால் இருந்த வளையத்தைப் பிடித்து நூற்று எண்பது டிகிரி கொடுத்தேன். சங்கு அப்படியே தலைகீழாகி வால் கீழே வந்தது. வாய் வலப்பக்கம் வந்தது!

இரண்டு நாள் போராடியது இதற்குத்தானா என்று இருந்தது. வாலைச் செருகிவைக்க வாட்டமாக ஒரு பீடம் வரைந்தேன். படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். அவர் பார்ட்டிக்கு அனுப்பினார். கால் மணி நேரத்தில் கும்பிடுகிற கை ஒன்றும் கட்டைவிரல் ஒன்றும் பதிலாக வந்தன. முதலாளி கதவுவரை வந்து தாழ்ப்பாளைத் தானே திறந்து, "பரவால்லயே!" என்றார்.

அன்றிரவு மழை கொட்டியது. வீட்டில் நாலு இடத்தில் பாத்திரம் வைத்தோம். அப்பா கூரையைப் பார்த்தபடி, "நல்லவேள, பேப்பரெல்லாம் அங்க இருக்குது" என்றார். நான் சென்னை விஷயத்தை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் லாரியில் வருகிற அத்தனை பேரிடமும் சொல்லிவிடுவார் என்பது ஒரு காரணம். இன்னொன்று, காகிதத்தைக் காப்பாற்றித் தருகிற ஆளை விட்டுப் போவதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. அவர் முதலாளியின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியவர்.

புதன்கிழமை மிச்ச வேலை. களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும், அதற்காக எல்லாவற்றையும் கொஞ்சம் பெரிதாக்கவேண்டும். பிறகு பீடத்தின் அடியில் யூனிட்டின் மூன்றெழுத்துக் குறியைப் பதிக்க வேண்டும். எழுத்தை அடிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மேலேயிருந்து பார்த்தேன். திரையில் எல்லாம் வெறும் கம்பிக்கூடாகத் தெரிகிற நிலை, அதனால் பீடத்தை ஊடுருவி அடியில் இருக்கிற எழுத்து தெரிந்தது. இடவலம் மாறித் தெரிந்தது. சரிதான், பின்பக்கமிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

அப்போது அம்மாவின் ஞாபகம் வந்தது. நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கேட்டை விட்டு வெளியே வரும்போது, அம்மா மேலே போர்டைக் காட்டி, "எழுத்த தப்பா எழுதி வச்சிருக்கானுங்க பாரு" என்றார். போர்டில் எழுத்து சரியாகத்தான் இருந்தது. அம்மாவுக்குப் படிக்க வராது. அவருக்குத் தெரிந்த எழுத்து, அச்சின் உட்பக்கம் இருக்கிற எழுத்து. அச்சில் மாற்றிச் செதுக்கினால்தான் பொம்மையில் நேராக விழும். பல வருடமாக அச்சைத் துடைத்துத் துடைத்து, அந்த மாறிய எழுத்தே அவருக்குச் சரியான எழுத்தாகிவிட்டது. போர்டைத் தலைகீழாக மாட்டினாலும் அம்மாவின் எழுத்து வராது என்று அன்று சொல்லிச் சிரித்தோம்.

சிரித்தது ஞாபகம் வந்ததும் கை மவுசில் நின்றுவிட்டது.

போர்டைத் தலைகீழாக மாட்டினாலும் வராது. எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் வராது.

மேசையிலிருந்த நிஜச் சங்கை எடுத்தேன். வால் மேலே பிடித்தேன், வாய் இடப்பக்கம். தலைகீழாகப் பிடித்தேன், வாய் வலப்பக்கம். மறுபடி நிமிர்த்தினேன், இடப்பக்கம். கையில் இருந்தது அதே சங்கு. பார்ட்டி இடம்புரி என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன சங்கு. அதை நான் தலைகீழாக நிறுத்தியிருக்கிறேன், வேறெதுவும் செய்யவில்லை. மூன்று வளையத்திலும் முந்நூற்று அறுபது டிகிரியும் சுற்றினாலும் அது இடம்புரியாகவே இருக்கும். சுழற்றும் கட்டளையில் கோளாறு எதுவும் இல்லை. அந்தக் கட்டளையால் ஆகாத ஒன்றை இரண்டு நாளாக அதனிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இதற்கு வேண்டியது கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிர்ப்பிம்பம் எடுக்கும் கட்டளை. ஒரே வரி.

ஆனால் அந்த ஒரு வரியோடு முடியாது என்றும் உடனே தெரிந்தது. எதிர்ப்பிம்பம் எடுத்தால், தலைகீழாக நிற்கிற சங்கின் வாய் இடப்பக்கம் போகும். பார்ட்டி ஒத்துக்கொண்ட படம் அதுவல்ல. நிமிர்த்தி, வாலை மேலே கொண்டுவந்து, பீடத்தைப் புதிதாக வரைந்து, பார்ட்டியிடம் திரும்பவும் காட்டவேண்டும்.

அப்போது மணி பன்னிரண்டு இருக்கும். இந்தத் தப்பு தெரிந்த ஆள் ஊரிலேயே நான் ஒருவன்தான். பைலை இப்படியே அனுப்பினால் நாளை சர்டிபிகேட் கையில். கோயமுத்தூரில் கடைவார்கள், பாய் அச்சு போடுவார், சூளையில் வேகும், கும்பகோணம் போகும். எவராவது ஒரு வீட்டில் விளக்கைக் கையில் எடுத்து, கவிழ்த்துப் பார்த்து, "இன்னாங்க இது எடம்புரி" என்று சொல்லும்போது நான் சென்னையில் இருப்பேன். அதற்கு வெகு முன்னால் அத்தனை சங்கின் ஓரத்துக் கோட்டையும் அம்மா ஒவ்வொன்றாகச் சீவித் துடைத்திருப்பார். திரும்பி வந்த சாமானை உடைத்து மூலையில் கொட்டும்போது பினிஷிங் பெண்களைத்தான் கொட்டச் சொல்வார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் உத்தமனாக யோசித்தேன் என்று எழுத மாட்டேன். பைலை மெயிலில் இணைத்துவிட்டேன். அனுப்பும் பொத்தானுக்குமேல் அம்பு நின்றது. அறையில் காற்றாடியின் சத்தம். எழுந்து கதவைத் தட்டினேன். யாரும் வரவில்லை, சாப்பாட்டு நேரம். தட்டிக்கொண்டே இருந்தேன். எதற்குத் தட்டுகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. உள்ளே இருந்தால் அனுப்பிவிடுவேன் என்று பயந்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

கடைசியில் பாய் சோற்றுக் கையோடு வந்து இடது கையால் திறந்தார். "இன்னா தம்பி, தீயா புடிச்சிக்கிச்சு?"

சங்கை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியிடம் போனேன். அவர் மேசையில் தலைகீழாக வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"சார், வாயி எந்தப் பக்கம் இருக்குது?"

"வலப்பக்கம்."

"இது எந்தச் சங்கு சார்?"

அவர் சங்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையில் வாங்கி நிமிர்த்தினார், கவிழ்த்தார், நிமிர்த்தினார். பின்னால் வந்து நின்ற பாய், "நீங்க பம்பரமே வுட்டாலும் அது அதான் மொதலாளி" என்றார். முதலாளி அவரை முறைத்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் சார்" என்றேன். "படத்துல வலம்புரி மாதிரி தெரியுது. இல்ல. மறுபடி போடணும். பார்ட்டிகிட்ட திரும்பக் காட்டணும்."

"அனுப்பிட்டியா?"

"இல்ல சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நல்லவேள" என்று மட்டும் சொன்னார். பார்ட்டிக்கு போன் போட்டார். ஒரு கல்யாண வீட்டின் மேளச் சத்தம் எனக்கே கேட்டது. வால் மேலே, வாய் வலது பக்கம், அப்படித்தான் வேண்டும் என்று அந்தப் பக்கம் பார்ட்டி கத்தினார். புதுப் படத்தை அனுப்பி வையுங்கள், கல்யாணம் முடிந்து வெள்ளிக்கிழமை சாயந்திரம் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம்!

மறுநாள் மதியத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். எதிர்ப்பிம்பம் எடுக்க ஒரு நிமிடம். மற்றதற்கெல்லாம் ஒரு நாள். வால் மேலே, வாய் வலப்பக்கம், புதுப் பீடம். அனுப்ப முடியாத பைல் திரையில் அழகாக நின்றது. மாலை ஆறு மணி வண்டிக்குச் சென்னைக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். நான்கு மணிக்கு முதலாளியிடம் போனேன்.

"சார், ஒரிஜினலு..."

"பைலு போயிடுச்சா?"

"பார்ட்டிதான சார் நாளைக்குன்னு சொல்லியிருக்காரு. நா முடிச்சிட்டேன்."

"நா சொன்னது போயிடுச்சுன்னா." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "நாளைக்கு அவுரு எதையாச்சும் மாத்தச் சொன்னா, நீ இல்லன்னா யாரு மாத்துவா? நானா? நீ தப்ப ஒத்துக்கிட்ட, எனக்கு சந்தோசம். அதுக்காக உட்டுட முடியாதுடா."

 எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் அதே இடத்தில்தான் வந்து நின்றேன்.

அப்போது கேட்டில் அப்பா நின்றார்.

செவ்வாய் இரவு மழைக்கு வரவேண்டியவர். புதன்கிழமை லாரி இருந்திருக்கும். வியாழக்கிழமை வந்திருக்கிறார். காலில் சேறு. என்னை முதலாளி அறையில் பார்த்ததும் அவருக்குக் கூச்சமாகிவிட்டது. நான் இருக்கும்போது அவர் இந்த வேலையாக வந்ததே இல்லை.

"ஒண்ணுமில்ல மொதலாளி. மழ பெஞ்சுதே, அதான்."

"வாங்க" என்றார் முதலாளி. என்னைப் பார்க்காமல் எழுந்து பீரோவைத் திறந்து கவரை எடுத்தார். அப்பா கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். ஒவ்வொரு காகிதமாகப் பாதி வெளியே இழுத்துப் பார்த்தார். போட்டோ. முத்திரை. ஓரம். விரலால் தடவிப் பார்த்தார், ஈரம் இல்லை. கவரின் வாயை மடித்தார். துண்டைக் கக்கத்தில் வைத்தார். இரண்டு கையாலும் முதலாளியிடம் திருப்பி நீட்டினார்.

"இங்கியே இருக்கட்டும் மொதலாளி. ஒங்க புண்ணியம்."

என் ஒரிஜினல்கள் என் மூக்குக்கு ஒரு முழம் தூரத்தில் பீரோவுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. கொடுப்பவர் என் அப்பா.

"அப்பா" என்றேன். குரல் பெரிதாக வந்துவிட்டது. பினிஷிங் பக்கம் கத்திகள் நின்றது தெரிந்தது. "அப்பா, குடுக்காதீங்க. எனக்கு வேணும்."

அவர் கையை நீட்டியபடியே திரும்பினார். "இன்னாத்துக்குடா?"

"நாளைக்கு மெட்ராஸ்ல வேலைக்குக் கூப்ட்டிருக்காங்க. அதக் காட்டணும்."

"மெட்ராஸுக்கா?" அவர் முதலாளியைப் பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியுங்களா மொதலாளி?"

முதலாளி உட்காரவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை. "கேட்டான்" என்றார்.

அப்பா கவரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஓடியதை நான் சரியாகப் படித்தேனா என்று தெரியாது. ஒன்றரை வருடமாக மழைக்கு மழை வந்து பார்த்துவிட்டுப் போன காகிதம் இங்கே பத்திரத்துக்காக மட்டும் இருக்கவில்லை என்று அந்த நொடியில் அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. தெரிந்திருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. மிக மரியாதையாகச் சொன்னார்.

"நாந்தான குடுத்து வச்சேன், நானே வாங்கிக்கிறேங்க. புள்ளைக்கு வேணுமாம்."

பாதுகாக்கக் கொடுத்ததைக் கொடுத்தவரே கேட்கும்போது இல்லை என்று சொல்லும் வழி முதலாளிக்குத் தெரியவில்லை. அவரும் இந்த ஊர்க்காரர்தான். என்னிடம் சொல்லமுடிந்ததை அப்பாவிடம் சொல்ல முடியவில்லை. பீரோக் கதவைச் சாத்தினார்.

"சனிக்கெழம வருவியா?" என்று என்னைக் கேட்டார். "சங்க அனுப்பணும்."

"வரேன் சார்."

"மூணு பேரும் வரேன்னுதான் சொன்னானுங்க."

"வருவான்" என்றார் அப்பா.

வெளியே வந்தபோது அம்மா கையில் சுடாத ஒரு பச்சை விளக்கோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார். "எங்கிட்டயாச்சும் சொல்லக் கூடாதா?" என்றார்.  தன் டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த சோற்றை எனக்கு மாற்றிக் கட்டிக் கொடுத்தார். வண்டியில் அந்தக் கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

சென்னையில் பத்து நிமிடம்தான் ஆயிற்று. ஒரு பெண் கவரை வாங்கி, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்தார். "காத்திருப்போர் பட்டியல்ல இருக்கீங்க, மெயில் வரும்" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. 

சனிக்கிழமை காலை யூனிட்டுக்குப் போனேன். பார்ட்டி படத்துக்குச் சரி சொல்லியிருந்தார். ஒன்பதரை மணிக்குப் பைலை அனுப்பினேன். முதலாளி அறைக்கு வெளியே நின்று, "போயிடுச்சா?" என்று கேட்டார். "போயிடுச்சு சார்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அவர் சர்டிபிகேட்டைத் திரும்பக் கேட்கவில்லை. நானும் கொண்டுபோகவில்லை. இப்போது அவை எங்கள் வீட்டில், கோதுமை மாவு வாங்கிய டின்னுக்குள், மூடிமேல் கல் வைத்து இருக்கின்றன. மழை வந்தால் அப்பா எங்கும் போக வேண்டியதில்லை. கட்டிலிலிருந்து எழுந்து கல்லை நகர்த்திப் பார்க்கிறார்.

சங்குகள் சூளையிலிருந்து வந்த அன்று பாய் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கவிழ்த்தேன், நிமிர்த்தினேன். வலம்புரிதான். அதே வாரம் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போகும் வழியில் இருக்கிற இரும்புக்கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி, கதவின் உட்பக்கம் நானே திருகினேன். கதவு அதில் நன்றாக நிற்கிறது, மாவு வருவதில்லை. யாரும் இப்போது வெளியே போடுவதில்லை, எப்போதாவது பழக்கத்தில் யாராவது போட்டால் உண்டு.

மெயில் இன்னும் வரவில்லை. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். பிறகு திசைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குகிறேன்.